உலகம் எப்போது அழியும்? அல்சூரிலிருந்து சில பதில்கள்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: 'மறுநாள் சார்'. உலகம் அழியும் என்று யாராவது ஒரு தேதி சொன்னால், அதற்கு மறுநாள் காலை என்ன நடந்தது என்பதை ஒரு பழைய நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். பிழைப்பு மென்பொருள், பொழுதுபோக்கு வானம் பார்ப்பது. கிரகணமோ வால்நட்சத்திரமோ வந்தால் ஆம்பூரிலிருந்து அத்தை போன் செய்வார், மாடி வீட்டு மாமி படியிறங்கி வருவார், தம்பி மகள் வாட்ஸ்அப்பில் சிவப்பு எழுத்துச் செய்தியை அனுப்பி "பெரியப்பா, இது நிஜமா?" என்பாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

அடுத்த மாதம் மூன்று நாள் உலகமே இருட்டாகுமாமே? நாசாவே சொன்னதாக வந்திருக்கிறது.

ஆகாது. நாசா சொல்லவும் இல்லை. இதே செய்தி 2012 டிசம்பரில் மூன்று நாள் இருட்டு என்று வந்தது. 2014இல் ஆறு நாளானது. 2015இல் பதினைந்து நாள். பண்டிகைத் தள்ளுபடி மாதிரி வருஷா வருஷம் கூடிக்கொண்டே போனது. செய்தியில் மாதம் இருக்கும், வருஷம் இருக்காது. அதைப் பார்த்தாலே போதும்.

இதற்கு முன்னாலும் இப்படிப் பயந்திருக்கிறார்களா?

பயந்திருக்கிறார்களாவா! 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை என்ன நடந்தது என்று வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அஷ்டக்கிரகச் சேர்க்கை. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி ஏழும் மகர ராசியில் கூடின. அங்கே ஏற்கெனவே கேது. ஆக எட்டு. போதாததற்கு அந்த அமாவாசையில் சூரிய கிரகணம் வேறு. அதன் முழு மறைப்பு நியூ கினி, பசிபிக் பக்கம்தான் தெரிந்தது என்பதை யார் கேட்டார்கள்? நாடு முழுக்க யாகம், ஹோமம், இரவெல்லாம் பஜனை. பிரதமர் நேரு இதைச் சிரிப்புக்குரிய விஷயம் என்றார். அதே மாதம் மூன்றாவது வாரம் பொதுத்தேர்தலும் நடந்தது.

எங்கள் தெருவில் இருந்த ஒரு பாட்டி அந்த மூன்று நாளும் சோமேஸ்வரர் கோயிலிலேயே உட்கார்ந்திருந்தாராம். பால்காரர் ஆளையே காணோம். ஆறாம் தேதி காலை வாசலில் சைக்கிள் மணி அடித்திருக்கிறது. பால் ஊற்றுவதற்கு முன்பே அவர் கேட்டது ஜனவரி மாதப் பாக்கி. உலகம்தான் போகிறதே என்று யாருமே அந்தப் பாக்கியைத் தீர்க்கவில்லை. என் நோட்டின் முதல் பக்கம் இதுதான்.

இரண்டாவது பக்கம் ஸ்கைலாப். 77 டன் எடையுள்ள அமெரிக்க விண்வெளி நிலையம் 1979 ஜூலை 11 அன்று கீழே விழுந்தது. எங்கே விழும் என்று கடைசி நேரம்வரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் ஊருக்கு ஊர் "நம்ம தலையிலதான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆம்பூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் என் தாய்மாமா, சாகப்போகிற நேரத்தில் ஆடு எதற்கு என்று வளர்த்த கிடாயை அடித்து ஊருக்கே சோறு போட்டார். எனக்கு ஐந்து வயது. அந்தக் குழம்பின் வாசனை மட்டும் நினைவிருக்கிறது. நிலையத்தின் துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. அங்கே எஸ்பெரன்ஸ் என்ற ஊரின் உள்ளாட்சி, குப்பை போட்டதற்காக அமெரிக்காவுக்கு 400 டாலர் அபராதம் எழுதியது. எங்கள் ஊரில் மறுநாள் உலகம் இருந்தது, ஆடு இல்லை. மாமாவின் மனைவி அந்தக் கிடாயை ஆடி மாதத்துக்கு நேர்ந்து விட்டிருந்தாராம். இன்றும் மாமாவிடம் ஸ்கைலாப் என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

கிரகங்கள் ஒரே நேர்கோட்டில் வந்தால் பூமியை இழுக்காதா?

இழுக்கும். ஆனால் அந்த இழுப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கடல் மட்டம் ஏறி இறங்குவது பெரும்பாலும் நிலவால், மிச்சம் சூரியனால். கிரகங்களிலேயே நம்மிடம் அதிகம் நெருங்குவது வெள்ளி. அது மிக அருகில் வரும்போதுகூட அதன் ஏற்ற இறக்க விசை, நிலவின் விசையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தேறாது. 1982இல் கிரகங்கள் சூரியனுக்கு ஒரே பக்கமாக வந்தபோது கலிபோர்னியாவில் நிலநடுக்கம் வரும் என்று புத்தகமே எழுதினார்கள். வரவில்லை.

மாயன் நாள்காட்டிப்படி 2012இல் உலகம் அழியும் என்றார்களே?

பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் 99999க்குப் பிறகு பூஜ்யத்துக்குப் போகும். வண்டி அங்கேயே செத்துவிழாது. 2012 டிசம்பர் 21 அப்படி ஒரு சுற்று முடிந்த நாள். மாயன் கணக்கில் ஒரு பக்தூன் என்பது 1,44,000 நாள். பதின்மூன்று பக்தூன் முடிந்தது. அவ்வளவுதான் கதை.

பாபா வாங்கா, நாஸ்ட்ரடாமஸ் சொன்னதெல்லாம் நடந்திருக்கிறதே?

பாபா வாங்கா பல்கேரியாவில் வாழ்ந்த பார்வையற்ற பெண்மணி, 1996இல் காலமானார். தன் கைப்பட எதையும் எழுதி வைக்கவில்லை. வருஷம் பிறந்ததும் "இந்த ஆண்டு பாபா வாங்கா கணிப்பு" என்று யூடியூபில் வருகிறதே, அதைப் படித்துச் சரிபார்க்க மூலம் என்று ஒன்றே கிடையாது. பிரெஞ்சு ஜோசியர் நாஸ்ட்ரடாமஸாவது தன் கணிப்புகளை 1555இல் அச்சிட்டார். நாலு நாலு வரியாக, பூடகமாக. அவர் வருஷத்தைத் தெளிவாகச் சொன்ன மிகச் சில இடங்களில் ஒன்று 1999, ஏழாம் மாதம், வானத்திலிருந்து பயங்கரத்தின் அரசன் வருவான் என்பது. அந்த ஜூலையில் எங்கள் அலுவலகக் கேன்டீனில் காபி விலை ஏறியது. வேறு ஒன்றும் நடந்ததாக என் நோட்டில் இல்லை.

இந்த வித்தை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அண்மை உதாரணம் ஒன்று. ஒரு ஜப்பானியக் காமிக்ஸ் புத்தகத்தை வைத்து, 2025 ஜூலை 5 அன்று ஜப்பானைப் பெரும் சுனாமி விழுங்கும் என்றார்கள். ஹாங்காங்கிலிருந்து ஜப்பான் போகும் விமானங்களில் ஆள் குறைந்தது. ஐந்தாம் தேதி ஒன்றுமில்லை. ஜூலை 30 அன்று ரஷ்யாவின் கம்சத்கா அருகே 8.8 அளவில் நிலநடுக்கம். ஜப்பானிலும் சுனாமி எச்சரிக்கை கொடுத்தார்கள். உடனே "பார்த்தீர்களா!" என்று தொடங்கிவிட்டார்கள். நாள் தப்பு, இடம் தப்பு, விழுங்கவும் இல்லை. உலகில் 7க்கு மேல் அளவுள்ள நிலநடுக்கம் வருஷத்துக்குச் சராசரியாகப் பதினைந்து வருகிறது. "பூமி அதிரும்" என்று எந்த மாதத்தைச் சொன்னாலும் மார்க் கிடைக்கும்.

கொரோனா வரும் என்று நம் பஞ்சாங்கத்திலேயே போட்டிருந்ததாமே?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இதில் பார்க்க நிஜமாகவே ஏதோ இருக்கிறது. அறுபது தமிழ் ஆண்டுகளுக்கும் ஆளுக்கொரு வெண்பா உண்டு. இடைக்காட்டுச் சித்தர் பாடியது என்பார்கள். பஞ்சாங்கத்தில் அந்தந்த ஆண்டின் வெண்பாவை அச்சிடுவார்கள். 2020 ஏப்ரலில் சார்வரி ஆண்டு பிறந்தது. அதன் வெண்பாவில் "தீரமறு நோயால் திரிவார்கள்" என்று வருகிறது. ஊரடங்கில் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்தால் யாருக்கும் மயிர்க்கூச்செறியும். எனக்கும் ஒரு நிமிஷம் ஆனது.

அப்புறம் முழு வெண்பாவையும் படித்தேன். நோய்க்கு அடுத்து "மாரியில்லை" என்கிறது. அந்த ஆண்டு இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை சராசரியைவிட 9 விழுக்காடு அதிகம். இன்னொன்று: நோய் வந்ததும், நாடு பூட்டப்பட்டதும் சார்வரி பிறப்பதற்கு முன்பே, விகாரி ஆண்டில். மார்ச் கடைசியில் ஊரடங்கு, ஏப்ரல் 14இல்தான் சார்வரி. மூன்றாவது, இது சுற்றி வருகிற வெண்பா. 1960லும் இதே சார்வரி, இதே பாட்டு. அறுபதில் ஒன்று பொருந்தினால் அதைப் பகிர்கிறோம். பொருந்தாத வெண்பாவை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை.

கலியுகம் முடியப்போகிறது என்கிறார்களே?

உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தைப் புரட்டுங்கள். கலியுகாதி என்று ஓர் எண் இருக்கும்: ஐயாயிரத்து நூற்றுச் சொச்சம். கலியுகத்தின் மொத்த நீளம் புராணக் கணக்குப்படி 4,32,000 ஆண்டு. கழித்துப் பாருங்கள், நாலு லட்சத்து இருபத்தாறாயிரத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது. கலி முத்திப்போச்சு என்பவர்கள் கணக்குப்படி கலி இன்னும் தவழும் பருவத்தில்கூட இல்லை.

எனக்கு இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. தமிழில் இதற்கு ஊழி என்று சொல்கிறோம். நம் ஊர்த் தலபுராணங்களில் ஊழி வெள்ளம் வருவது கதையின் தொடக்கத்தில். கும்பகோணத்துக்கு அந்தப் பேர் வந்ததே பிரளயத்தில் மிதந்து வந்த அமுதக் குடம் அங்கே தங்கியதால்தான். சீர்காழிக்குத் தோணிபுரம் என்று இன்னொரு பேர். வெள்ளத்தில் சிவன் தோணியேறி வந்து நின்ற இடம். எல்லாம் மூழ்குகிறது, அடுத்த வரியில் ஓர் ஊர் உண்டாகிறது, அதற்கடுத்த வரியில் தேர்த் திருவிழா. கும்பகோணத்தான் எவனும் பிரளயத்தைச் சொல்லிப் பயமுறுத்தி நான் பார்த்ததில்லை, பெருமையாகத்தான் சொல்வான்.

எங்கள் ஏரிக்கரையில் ஒரு வள்ளுவர் சிலை இருக்கிறது. பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். அவரும் ஊழியைப் பற்றிச் சொல்கிறார்: "ஊழி பெயரினும் தாம்பெயரார் சான்றாண்மைக்கு ஆழி எனப்படு வார்." பெயர்தல் என்றால் இடம் மாறுதல். ஊழி வந்தாலும் அசையாதவர்கள் என்று சான்றோரைச் சொல்ல வந்தவர், தேதி எதுவும் கொடுக்கவில்லை.

பெங்களூருக்கென்று ஏதாவது ஜோசியம் உண்டா?

உண்டு, அதுவும் கல்லில். பெங்களூரை உருவாக்கிய கெம்பேகவுடர் வம்சத்தார் கட்டிய நான்கு காவல் கோபுரங்களில் ஒன்று அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிறது. மற்றவை லால்பாக் பாறைமேல், மேக்ரி சர்க்கிளில், கெம்பாம்புதி ஏரிக்கரையில். இந்த நான்கு வரைக்கும் ஊர் வளரும் என்று ஒரு கதை. இந்த நான்கைத் தாண்டினால் ஊருக்குக் கேடு என்று இன்னொரு கதை. சொல்கிற ஆட்டோக்காரரின் மனநிலையைப் பொறுத்து எது வேண்டுமானாலும் வரும். மழையில் சில்க்போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்ட நாளில் எப்போதும் இரண்டாவதுதான்.

பசவனகுடி பெரிய காளை கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடலைக் காட்டை மேய்ந்த காளை கல்லாகி, கல்லான பிறகும் வளர்ந்துகொண்டே போக, தலையில் சூலத்தைப் பதித்து நிறுத்தினார்களாம். கவிபுரம் குகைக் கோயிலில் சங்கராந்தி அன்று மாலை வெயில் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து லிங்கத்தில் விழும். 2021இல் மேகம் மறைத்து வெயில் விழவில்லை. அன்று இரவு டிவிக்காரர்கள் போட்ட சத்தம் இருக்கிறதே! மேகத்தை மேகம் என்று சொன்னால் அரை மணி நேரத்தை நிரப்ப முடியாது, பாவம்.

பெல்லந்தூர் ஏரி 2017இலும் 2018இலும் தீப்பிடித்தபோது "தண்ணீரில் தீ எரியும் என்று காலஞானத்தில் இருக்கிறது" என்று பழைய தீர்க்கதரிசன நூல் ஒன்றைக் காட்டி மாடி வீட்டு மாமி சொன்னார். அதற்குத் தீர்க்கதரிசி தேவையில்லை மாமி, நாம் அனுப்பிய சாக்கடையும் கொட்டிய குப்பையும் போதும் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

2020இல் பெங்களூரில் ஒரு சத்தம் கேட்டதே, அது என்ன?

மே 20, பகல் ஒன்றேகால் தாண்டி. நான் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி படபடவென்று ஆடியது, ரசத்தில் வட்டம் வட்டமாக அலை. ஐந்து விநாடி இருக்கும். தெரு முழுக்க ஆட்கள் மொட்டை மாடிக்கு ஓடிவந்தார்கள். ஊரடங்கில் இரண்டு மாதமாக முகம் பார்க்காதவர்கள். எதிர்வீட்டுக்காரர் தாடி வளர்த்திருந்தார் என்பதே அன்றுதான் தெரிந்தது. ஏற்கெனவே கொரோனா, அன்றைக்கே வங்காளத்தில் அம்பன் புயல் கரையேறுகிறது, இப்போது வானத்தில் இடி மாதிரி. "முடிஞ்சுது" என்று யாரோ சத்தமாகவே சொன்னார்கள். என் நெஞ்சும் அடித்துக்கொண்டது. வீறாப்பாகப் பொய் சொல்ல மாட்டேன்.

நிலநடுக்கம் இல்லை என்று கண்காணிப்பு மையம் சொல்லிவிட்டது. பிறகு பாதுகாப்புத் துறை விளக்கம் தந்தது: விமானப்படையின் சோதனை விமானம் ஒலியைவிட வேகமாகப் போய், வேகத்தைக் குறைத்தபோது வந்த அதிர்வு. மறுநாள் பதிவு: எதிர்வீட்டுக்காரர் ஒரு டப்பா ஊறுகாய் கொடுத்தனுப்பினார்.

ஒய்2கே என்ற 2000ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறு வெறும் புரளிதானே? அதுபோலத்தானே எல்லாமே?

இல்லை, இது வேறு ஜாதி. இதில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. 1998இல் சேலத்திலிருந்து நான் பெங்களூர் வந்து இறங்கியதே இதனால்தான். பழைய நிரல்களில் இடத்தை மிச்சம்பிடிக்க வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்தார்கள். 99க்குப் பிறகு 00 வந்தால் கணினி அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். வட்டிக் கணக்கு, காப்பீடு, சம்பளம் எல்லாம் தாறுமாறாகும். கோபால் (COBOL) என்ற நிரல் மொழியில் லட்சக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த ஆள் தேவைப்பட்டது. பெங்களூரில் என்னைப் போன்றவர்கள் வந்து குவிந்தோம்.

1999 டிசம்பர் 31 ராத்திரி முழுக்க அலுவலகத்தில்தான். சாயந்திரம் நாலரைக்கே நியூசிலாந்தில் 2000 பிறந்துவிட்டது. அங்கே விளக்கு எரிகிறது என்று தெரிந்ததும் பாதி பேருக்கு உயிர் வந்தது. பன்னிரண்டு மணிக்கு யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை, எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் அலுவலகத்தின் உள் இணையப் பக்கம் ஒன்று மட்டும் 'ஜனவரி 1, 19100' என்று காட்டியது. வாடிக்கையாளருக்காக அத்தனை வரி திருத்தினோம், எங்கள் வீட்டுப் பக்கத்தைப் பார்க்க மறந்துவிட்டோம். விடிந்ததும் தர்ஷினி உணவகத்தில் நின்றுகொண்டே இட்லி வடை. ஒன்றும் ஆகவில்லையே, அப்போ ஏமாற்றுத்தானே என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டதற்குத்தான் சம்பளம் வாங்கினோம் என்று இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதாக இல்லை.

படித்தவர்கள்கூட ஏன் நம்புகிறார்கள்?

பயத்தால் என்று முதலில் நினைத்தேன். இப்போது பாதிதான் பயம், மீதி நிம்மதி என்று தோன்றுகிறது. தேதி ஒன்று கிடைத்துவிட்டால் கடன், வேலை, மகள் கல்யாணம் எல்லாம் அந்தத் தேதியோடு முடிந்துபோகும். அதே சமயம் உள்ளுக்குள் யாரும் முழுசாக நம்புவதும் இல்லை. 2012 டிசம்பரில் மாயன் பற்றி எனக்குப் பாடமே எடுத்த நண்பர், அதே மாதம் இருபது வருஷ வீட்டுக்கடனில் கையெழுத்துப் போட்டார்.

பொய்த்த பிறகும் நம்பிக்கை போகாதது இன்னும் விசித்திரம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரின் கணக்கைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து திரும்பி வருவார் என்று காத்திருந்தார்கள். சிலர் பயிரை அறுக்காமலே விட்டார்கள். வரவில்லை. பலர் அழுதுகொண்டே பழைய வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். ஒரு பகுதியினர், தேதி சரி, அன்று நடந்தது வேறு, அது விண்ணில் நடந்தது என்று பொருள் கொண்டார்கள். அவர்களிலிருந்து ஒரு திருச்சபையே உருவாகி இன்றும் இருக்கிறது. அந்த மறுநாளைப் பற்றி நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பால்காரர் கதை மாதிரி அதைச் சிரித்துக் கடக்க முடியவில்லை.

அப்போ விஞ்ஞானிகள் சொல்வதும் இப்படித்தானா?

அவர்கள் தேதியோடு சேர்த்து எவ்வளவு வாய்ப்பு என்றும் சொல்வார்கள். புதுத் தகவல் வந்தால் தாங்களே மாற்றுவார்கள். 2024 ஒய்ஆர்4 என்ற விண்கல் 2032 டிசம்பரில் பூமியில் மோத 3.1 விழுக்காடு வாய்ப்பு என்று 2025 பிப்ரவரியில் வந்தது. சில நாள் கூடுதலாகக் கவனித்ததும் அது ஏறத்தாழப் பூஜ்யமானது. முதல் செய்தி உங்கள் போனுக்கு வந்திருக்கும், இரண்டாவது வந்திருக்காது. 2022இல் டார்ட் என்ற விண்கலத்தை டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் மோதவிட்டு, அது இன்னொரு சிறுகோளைச் சுற்றும் நேரத்தை அரை மணிக்கு மேல் குறைத்தும் காட்டியிருக்கிறார்கள்.

விஞ்ஞானத்தின் பேரில் தேதி சொல்லி மாட்டிக்கொள்வதும் உண்டு. 2020க்குள் பெங்களூர் உட்பட 21 நகரங்களில் நிலத்தடி நீர் தீரும் என்று நிதி ஆயோக் அறிக்கை 2018இல் சொன்னது. 2020 வந்தது, குழாயில் தண்ணீரும் வந்தது, எல்லாரும் சிரித்தோம். 2024 மார்ச்சில் நகரின் பதினாலாயிரம் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வற்றியது. எங்கள் தெரு போர்வெல்லும் அதில் ஒன்று. காலையில் டேங்கருக்குக் குடத்தோடு நின்றபோது யாரும் யூடியூப் ஜோசியம் பேசவில்லை. அடுத்த லாரி எப்போது என்பது மட்டும்தான் பேச்சு.

குழந்தை பயந்து தூங்க மாட்டேன் என்கிறது. என்ன சொல்வது?

முதலில் டிவியை நிறுத்துங்கள். சிரிக்காதீர்கள். 2008இல் ஜெனீவாவில் துகள் மோதல் இயந்திரம் ஓடத் தொடங்கியபோது, உலகம் கருந்துளைக்குள் போகும் என்று நம் சேனல்கள் நாள் முழுக்க ஓட்டின. பயந்துபோன ஒரு பதின்ம வயதுப் பெண் மத்தியப் பிரதேசத்தில் உயிரை விட்டாள். தம்பி மகளுக்கு நான் செய்தது இது: அந்தத் தேதிக்கு மறுநாள் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். "காலையில் மாடியில் துளசிக்கு நீதான் தண்ணி ஊத்தணும், மறந்துடாதே." தூங்கிவிட்டாள்.

பரிகாரம் செய்யச் சொல்கிறார்களே?

கோயிலுக்குப் போய் விளக்கு வைப்பது உங்கள் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். பணம் கேட்டால் மட்டும் யோசியுங்கள். 2012இல் என் சித்தி, உலக அழிவிலிருந்து குடும்பத்தைக் காக்கும் செப்புத் தகடு ஒன்றை ஒருவரிடம் வாங்கினார். கையில் அவ்வளவு காசு இல்லை. விற்றவர் ஜனவரி தேதி போட்ட செக்கை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த தேதி எது?

2029 ஏப்ரல் 13. வெள்ளிக்கிழமை வேறு, கேட்கவே வேண்டாம். அபோஃபிஸ் என்ற சிறுகோள், நீளம் முந்நூறு மீட்டருக்கு மேல், பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில் கடக்கும். நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களைவிடப் பக்கம். 2004இல் கண்டுபிடித்த புதிதில் மோத 2.7 விழுக்காடு வாய்ப்பு என்றார்கள். 2021இல் ரேடாரில் அளந்து, இன்னும் நூறு வருஷத்துக்கு மோதாது என்று உறுதி செய்துவிட்டார்கள். மிக அருகில் வருவது நம் கடிகாரத்தில் விடியற்காலை மூன்றேகால் வாக்கில், அதாவது 14ஆம் தேதி. ஊர் வெளிச்சத்தில் தெரியாது. ஓசூர் தாண்டி எங்காவது இருட்டான இடம் பார்க்க வேண்டும். தம்பி மகள் இப்போதே வருகிறேன் என்றிருக்கிறாள்.

14ஆம் தேதி சித்திரை ஒன்று, சௌமிய ஆண்டு பிறக்கிறது. விடியும் முன் திரும்பிவிட வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு. மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ பறிப்பது என் வேலை.